ஈசல் புகுந்த நூற்றாண்டு விழா

முதல் ஈசல் விழாக் குழுத் தலைவர் மாதையனின் வாய்க்குள் போனபோது மணி ஆறே முக்கால். "நம்ம பள்ளிக்கூடத்துக்கு இன்னைக்கு வயசு நூ..." என்று அவர் மைக் முன்னால் வாயைத் திறந்திருந்தார். மீதி எழுத்து வரவில்லை, இருமல்தான் வந்தது. கூட்டம் கைதட்டியது. தலைவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

மைதானத்தின் பின்பக்கம் மூங்கில் மேடையில், லைட்டிங் கன்சோலுக்குப் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். என் கன்சோல் ஆபரேட்டர் அருள் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, தலைவரு எதையோ முழுங்கிட்டாரு."

அடுத்த இரண்டு நிமிடத்தில் மேடையே தெரியவில்லை.

லைட்டிங் டிசைன் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் என்னிடம் பெரிய நிகழ்ச்சிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஸ்டேடியம் திறப்பு விழா, பெங்களூரில் செய்த நாடகங்கள், பத்தாயிரம் பேர் உட்கார்ந்த திடல்கள். அங்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன், அவ்வளவுதான். எனக்குத் தெரியாததைக் கற்றுக்கொடுத்தது பென்னாகரத்துக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியின் நூற்றாண்டு விழா. அதனால் அதை எழுதுகிறேன்.

1. மயில் இல்லாத டிசைன்

அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை லூர்து மேரி டீச்சர் என்னோடு தருமபுரியில் பாலிடெக்னிக் சேர்ந்து, ஒரே வருடத்தில் ஓடிப்போய் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவர். "நூறு வருஷத்துக்கு ஒரு தடவதான் நூற்றாண்டு விழா வரும்ப்பா. நீதான் லைட் பண்ணணும்" என்றார். எண்பது பிள்ளைகள் சேர்ந்து நடிக்கும் ஒரு நாட்டிய நாடகம். ஊர் ஏரி வெட்டிய கதை, வறண்ட கதை, மறுபடி நிறைந்த கதை. மூன்று மாதமாக ஒத்திகை நடக்கிறது என்றார். ஒப்புக்கொண்டேன்.

இடம் பார்க்கப் போன அன்றுதான் மாதையனைச் சந்தித்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும். கேழ்வரகும் தக்காளியும் பயிர் செய்கிறவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதைவிட வெள்ளையான மீசை. அந்தப் பள்ளியில்தான் எட்டாவது வரை படித்தாராம். நான் மேடைக்கு இடம் அளப்பதையும் லைட் தொங்கவிடும் ட்ரஸ் எங்கே நிற்கும் என்று சுண்ணாம்பில் கோடு போடுவதையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா சொன்னாங்க, நீங்க டிசைன் போடறவங்கன்னு. மயிலு எந்தப் பக்கம் வருதுங்க?"

"என்ன மயிலுங்க?"

"சீரியல் செட்டுல மயிலு தோகை விரிக்கும் இல்லீங்களா? எங்க மாரியம்மன் பண்டிகைக்கு ரெண்டு மயிலு, ஒரு தாமரை வச்சாங்க. பள்ளிக்கூடம்ங்கறதால நடுவுல ஒரு சரஸ்வதி இருந்தா நல்லாருக்கும்."

நான் செய்வது அந்த டிசைன் இல்லை, கதைக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பது என்று விளக்கினேன். நாற்பத்தாறு க்யூ எழுதப் போகிறேன், ஒவ்வொரு க்யூவிலும் மேடையின் வெளிச்சம் ஒருமுறை மாறும் என்றேன்.

அவர் யோசித்தார். "அப்ப நாப்பத்தாறு தடவ மாறுனாலும் ஒரு தடவகூட மயிலு வராதுங்களா?"

"வராதுங்க."

"செரி" என்றார். அந்தச் 'செரி'யில் சம்மதம் இல்லை, என்மேல் இரக்கம் இருந்தது.

2. பாதி முகம்

விழாவுக்கு முந்தின நாள் மாலை லைட்டோடு முழு ஒத்திகை. நாடகத்தின் நாலாவது காட்சியை நான் மிகவும் யோசித்துச் செய்திருந்தேன். ஏரி வறண்டுவிட்டது. மேடை முழுக்க இருட்டு. ஏழாம் வகுப்புப் பெண் பவித்ரா காலிக் குடத்தோடு தனியாக நின்று நாலு நிமிடம் பாடுகிறாள். பக்கவாட்டில் இருந்து ஒரே ஒரு ஸ்பாட். அவள் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். பார்க்கிறவர்களுக்குத் தொண்டை வறண்டுபோக வேண்டும் என்பது என் கணக்கு. அருளுக்கே வறண்டு தண்ணீர் குடித்தான்.

பாட்டு முடிந்ததும் மாதையன் மூங்கில் ஏணியில் ஏறி எங்களிடம் வந்துவிட்டார்.

"என்னாங்க மேடம், புள்ள மூஞ்சி பாதிதான் தெரியுது. மீதிப் பாதிக்கு லைட்டு பத்தலீங்களா?"

"லைட் இருக்குதுங்க. வேணும்னுதான் பாதி. அதுதான் டிசைன்."

"அந்தப் பாதியும் எங்க புள்ளதானுங்களே."

அப்போதுதான் பவித்ரா அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி என்று தெரிந்தது. அவருக்குக் கண்ணில் புரை அறுவை செய்து ஆறு மாதம்தான் ஆகிறதாம், மங்கலாக இருந்தால் தெரியாதாம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? முன்னாலிருந்து கொஞ்சம் வெளிச்சம் கூட்டியிருக்கலாம். ஒரு விரல் அசைத்தால் போதும். ஆனால் எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, இருபத்தாறு வருட அனுபவம், சுவர் நிறைய ஷீல்டு. "முன்வரிசையில உக்காருங்க, நல்லாத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை மேடைக்குப் பக்கத்தில் ஒரு ட்ராக்டர் நின்றது. அதன் ட்ரெய்லரில் ஒரு ஜெனரேட்டர், நட்டுவைத்த இரும்புக் குழாய், குழாயின் உச்சியில் நாலு பெரிய மெட்டல் லைட். ஊரில் கபடிப் போட்டி நடத்துவதற்காக மாதையன் சொந்தமாகச் செய்து வைத்திருந்த ஏற்பாடு. அதைப் போட்டால் மைதானத்தில் எறும்பு போவதும் தெரியும். என் நாற்பத்தாறு க்யூவில் ஒன்றுகூடத் தெரியாது.

"டீச்சர், அது அங்க நின்னா நான் இல்ல" என்றேன்.

"தலைவரே, மேடம் கோவிச்சுக்கறாங்க" என்றார் லூர்து மேரி.

"எம் பேத்தி மூஞ்சி முழுசாத் தெரியாட்டி நானும் இல்லீங்க" என்றார் மாதையன்.

ஐம்பது பேருக்குப் பாடம் எடுத்த தொண்டையில் டீச்சர் தீர்ப்புச் சொன்னார். பேச்சுகள் முடியும்வரை தலைவர் லைட் எரியலாம். நாடகம் தொடங்கியதும் அணைத்துவிட வேண்டும். ட்ராக்டரை நகர்த்த நேரமில்லை, அங்கேயே நிற்கட்டும். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒத்துக்கொண்டோம்.

3. பனி கொட்டியது

அன்று மதியம் நல்ல மழை. புரட்டாசி மழை, ஒரு மணி நேரம் அடித்துவிட்டு நின்றுவிட்டது. கேபிள் இணைப்புகளுக்கெல்லாம் ப்ளாஸ்டிக் சுற்றி, மேடையைத் துடைத்து, எர்த்திங் சரிபார்த்து, எல்லாம் முடித்தபோது வானம் தெளிந்திருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். மழைக்குத் தயாராக இருந்தேனே தவிர, மழைக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து என்ன கிளம்பும் என்று யோசிக்கவில்லை. நான் பிறந்து வளர்ந்ததும் இதே மாவட்டம்தான். வெட்கம்தான்.

தலைவர் வாய்க்குள் போனது முன்னோடி. பின்னாலேயே படை வந்தது. ஏரிக்கரைப் புற்றுகள் அத்தனையும் ஒன்றாகத் திறந்துகொண்டன போல. மேடையில் இருந்த வெள்ளை வெளிச்சம், தலைவருடைய நாலு மெட்டல் லைட், என்னுடைய எட்டு பீம் லைட், எல்லாவற்றையும் நோக்கி ஈசல் வந்தது. பீம் லைட்டின் கதிருக்குள் அவை சுழன்றபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், அழகாகத்தான் இருந்தது.

"பனி கொட்டுதுடோய்!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார். விசில் பறந்தது. அதையும் என் டிசைன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த விழாவில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

மேடைக்குப் பின்னால் அழுகை கேட்டது. முகத்தில் எண்ணெயும் பவுடரும் பூசி, மீன் வேடம் போட்ட ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். எண்ணெயில் ஈசல் ஒட்டிக்கொண்டது. மீன்கள் அலறின. ஒரு மீன் வீட்டுக்கே ஓடிவிட்டது. லூர்து மேரி டீச்சர் போனில் கூப்பிட்டு, "ஏதாவது பண்ணு! மூணு மாசம்! மூணு மாசம்!" என்றார். வேறு வார்த்தை அவருக்கு வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழி வெளிச்சத்தை நிறுத்துவது. "ப்ளாக் அவுட்" என்றேன். அருள் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் அணைத்தான்.

இருட்டு வந்ததும் கூட்டம் என்ன செய்யும்? ஆயிரம் பேரும் போனை எடுத்து டார்ச் போட்டார்கள். ஈசல் போன்களுக்குப் போனது. ஆயிரம் பேரும் கத்தினார்கள். அதுவரை மேடையில் மட்டும் இருந்த பிரச்சினையை மைதானம் முழுக்கச் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டேன்.

போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போது ஒன்று கவனித்தேன். மாதையனின் ட்ரெய்லர் தனி ஜெனரேட்டரில் ஓடுவதால் நாலு மெட்டல் லைட்டும் எரிந்துகொண்டே இருந்தன. சுற்றிலும் இருட்டானதும் ஈசல் முழுக்க அங்கே திரும்பிவிட்டது. லைட்டைச் சுற்றி வைக்கோல் போர் அளவுக்கு ஒரு மேகம். ஆனால் அந்தப் போர் மேடையிலிருந்து பதினைந்து அடியில்தான் நின்றது.

மாதையனும் அதைப் பார்த்துவிட்டார். தன் லைட்டால்தான் இந்தக் கேடு என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பொன்னாடையைத் தலையில் சுற்றிக்கொண்டு ஜெனரேட்டரை நோக்கி ஓடினார். நான் மூங்கில் மேடையிலிருந்து குதித்து, நாற்காலிகளுக்கு நடுவே ஓடினேன். மெட்டல் லைட்டை ஒருமுறை அணைத்தால் சூடு ஆறி மறுபடி எரிய பத்து நிமிடம் ஆகும். அதற்குள் எல்லாம் மேடைக்குத் திரும்பிவிடும்.

"அணைக்காதீங்க! அணைக்காதீங்க!"

அவர் சுவிட்சில் கை வைத்தபடி என்னை வெறித்தார். காலையில் அந்த லைட்டை அணைக்கச் சொல்லிச் சண்டை போட்ட பெண்தான் இப்போது இப்படிக் கத்துகிறாள்.

"பின்ன என்னதாங்க பண்றது?"

"ஓட்டுங்க! லைட்டோட ஏரிக்கரைக்கு ஓட்டுங்க! எல்லாம் அங்க வந்துரும்!"

அவர் இரண்டு நொடி யோசித்தார். "ட்ரைவரு டீ குடிக்கப் போய்ட்டானுங்களே" என்றவர், அடுத்த நொடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். கிளம்பும் முன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பவித்ரா பாட்டு எப்பங்க?"

"நாலாவது சீன். இன்னும் அரை மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள வந்துரலாம்."

4. ஊர்வலம்

கழுத்தில் மாலை, தலையில் பொன்னாடை, பின்னால் நாலு மெட்டல் லைட் என்று மாதையன் மைதானத்தின் ஓரமாக ட்ராக்டரை மெதுவாக ஓட்டிப் போனார். ஈசல் மேகம் கூடவே போனது. எல்லாமே துரத்திப் போகவில்லை. பாதி வழியில் உதிர்ந்தவை பாதி. ஆனால் புதிதாகக் கிளம்பி வந்தவையெல்லாம் அந்த வெளிச்சத்துக்குத்தான் போயின. அது போதும்.

நான் எதிர்பார்க்காதது மேகத்துக்குப் பின்னால் நடந்தது. "ஏய் ஈசலுடி! பாத்திரம் எடுத்துக்கினு வா!" என்று ஒரு பெண் குரல் கொடுத்தாள். அவ்வளவுதான். அரிசியோடு வறுத்த ஈசலின் ருசி தெரிந்தவர்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல். குடம், பை, சேலை முந்தானை, தண்ணீர் கேன், விழாவில் பரிசாக வாங்கிய எவர்சில்வர் குண்டான், எது கையில் இருந்ததோ அதோடு ஏரிக்கரைக்கு ஓடினார்கள். முன்னால் தலைவர், நடுவில் ஈசல், பின்னால் ஊர். தேர்தலில் நின்றிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு கூட்டம் வந்திருக்காது.

லூர்து மேரி டீச்சர் மைக்கைப் பிடித்தார். "பெற்றோர்கள் தயவுசெய்து ஈசல் பிடிப்பதை நிறுத்திவிட்டு இருக்கைக்குத் திரும்புமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பிள்ளைகள் மீன் வேடத்தில் காத்திருக்கிறார்கள்."

கன்சோலுக்குத் திரும்பி வந்தேன். பூச்சிகளுக்கு மஞ்சளும் சிவப்பும் அவ்வளவாகப் பிடிக்காது. வெள்ளையும் நீலமும்தான் இழுக்கும். என் நாற்பத்தாறு க்யூவில் முப்பது நீலத்தில் இருந்தன. ஏரிக்கதை ஆயிற்றே! "அருள், எல்லாத்தையும் தூக்கிப் போடு. பீம் வேணாம். பார் லைட்டு மட்டும், அம்பர், கால்வாசி" என்றேன். ஏரி வெட்டிய கதையும் நிறைந்த கதையும் அந்த அகல்விளக்கு மஞ்சளிலேயே நடக்கட்டும்.

மேடையில் சிறகுகள் கணுக்கால் அளவுக்குக் கிடந்தன. பிள்ளைகள் வழுக்கி விழாமல் இருக்க, பத்தாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேர் துடைப்பத்தோடு ஏறி, வரிசையாக நின்று பெருக்கினார்கள். அம்பர் வெளிச்சத்தில் சிறகுகள் பறந்தன. மீதியிருந்த கூட்டம் கைதட்டியது. அதுதான் முதல் காட்சி என்று நினைத்தார்கள். ஏரி தூர்வாருகிறார்களாம்.

நாடகம் தொடங்கியது. பத்தொன்பது மீன்கள் நன்றாக நீந்தின. ஏரிக்கரைக் கூட்டமும் பாத்திரத்தை மூடிக்கொண்டு ஒவ்வொருவராகத் திரும்பியது. மாதையன் மட்டும் அங்கேயே இருந்தார். போனில் கூப்பிட்டார்.

"மேடம், வரட்டுங்களா?"

"இன்னும் வருதுங்களா ஈசல்?"

"மழையாட்டம் வருதுங்க."

"அப்ப இப்ப வேணாங்க."

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டார். அதே கேள்வி, அதே பதில். லைட்டை எரியவிட்டு அவர் மட்டும் நடந்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெட்ரோல் ஜெனரேட்டர், பக்கத்தில் ஏரித் தண்ணீர், குண்டானோடு இன்னும் நாலைந்து பிள்ளைகள் சுற்றுகிறார்கள், விட்டுவிட்டு வர மனசில்லை என்றார். அவர் சொன்னது சரி. நாங்களும் ஜெனரேட்டர் பக்கத்தில் எப்போதும் ஒருவரை நிறுத்துவோம்.

நாலாவது காட்சி வந்தது. பவித்ரா காலிக் குடத்தோடு நின்றாள். நான் நினைத்த வெள்ளை ஸ்பாட் இல்லை, மங்கலான அம்பர். அதுவும் ஒரு பக்கத்திலிருந்து. ஒத்திகையைவிட நன்றாக இருந்தது. பின்னால் ஓர் ஆள் இருமவில்லை. என் தொழிலில் அப்படி நாலு நிமிடம் மூன்று தடவைதான் கிடைத்திருக்கிறது. அதில் அது ஒன்று.

இரண்டாவது நிமிடத்தில் போன் அதிர்ந்தது.

"மேடம், இப்பப் பாடறது எங்க பவித்ராங்களா?"

"ஆமாங்க."

"பாட்டு நல்லாக் கேக்குதுங்க" என்றார். பிறகு, "இங்கேருந்து சின்னதா ஒரு மஞ்சப் பொட்டு தெரியுது. அதாங்களா புள்ள?" என்றார்.

அதுதான் என்று சொன்னேன்.

5. கேவலமான வெளிச்சம்

நாடகம் முடிவதற்குள் ஈசல் ஓய்ந்துவிட்டது. அதன் ஆட்டம் முக்கால் மணி நேரம்தான். டீச்சர் நன்றியுரையைத் தொடங்கும்போது மாதையன் லைட்டை அணைத்துவிட்டு நடந்தே வந்தார். மீசையில், மாலையில், காது மடிப்பில் எல்லாம் சிறகு. யாரையும் குறை சொல்லவில்லை. கடைசி வரிசையில் ஒரு காலி நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, நன்றியுரையைக் கவனமாகக் கேட்க ஆரம்பித்தார். அதில் அவர் பெயர் வந்தபோது கூட்டம் எழுந்து கத்தியது. அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நான் டீச்சருக்குப் போன் போட்டேன். மைக்கில் பேசிக்கொண்டே எடுத்தார். "டீச்சர், பவித்ராவ இன்னொரு தடவ பாடச் சொல்லுங்க" என்றேன். அதுவும் மைக்கில் ஊருக்கே கேட்டுவிட்டது.

அருளிடம் திரும்பினேன். "எல்லா லைட்டும். முன்னாடி, பின்னாடி, சைடு, பீம், எல்லாம். ஃபுல் வெள்ளை."

"அக்கா, கேவலமா இருக்கும்."

"இருக்கட்டும்."

கேவலமாகத்தான் இருந்தது. பின்திரையின் ஒட்டுத் துணி தெரிந்தது. மேடைக்கடியில் தூங்கிய நாய் தெரிந்தது. பவித்ரா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பவுடர் கரைந்து கோடு கோடாக வழிந்திருந்தது, புருவத்தில் ஒரு சிறகு ஒட்டியிருந்தது. இரண்டாவது தடவை பாடியதால் குரல் ஓர் இடத்தில் உடைந்தது. நிழல் என்று எங்குமே ஒன்றும் இல்லை. சோகம் சுத்தமாகப் போய்விட்டது. காலிக் குடத்தோடு ஒரு பெண் பிள்ளை, பாதிப் பாட்டில் தாத்தாவைக் கண்டுபிடித்துச் சிரித்துவிட்டாள்.

மாதையன் நாற்காலியை விட்டு எழுந்து, நடுவழியாக மேடைக்கு முன்னால் போய் நின்றார். பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் கூட்டத்தைத் தாண்டி, மூங்கில் மேடையில் இருந்த என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக் கத்தினார்:

"இப்பத்தாங்க மேடம் லைட்டு!"

அருள் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் எழுதிய நாற்பத்தாறு க்யூவையும் கன்சோலில் ஏற்றியவன் அவன்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் இதிலிருந்து சொல்ல வேண்டியவை சில உண்டு. மழைக்குப் பிறகு வரும் முதல் மாலையில் நிகழ்ச்சி என்றால், முழு நிகழ்ச்சிக்கும் அம்பரில் ஒரு மாற்று க்யூ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து தூரத்தில், தனி மின்சாரத்தில் ஒரு வெள்ளை லைட் நிறுத்துங்கள், அதற்குப் பக்கத்தில் பொறுப்பான ஆள் ஒருவரையும் நிறுத்துங்கள். ப்ளாக் அவுட் கொடுக்கும் முன், எல்லோர் கையிலும் போன் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இவை தொழில் நுணுக்கம். ஒரு தடவை அடிபட்டால் யாருக்கும் வந்துவிடும்.

எனக்குத் தாமதமாக வந்தது வேறு. இப்போதெல்லாம் இடம் பார்க்கப் போனால் அளக்கும் டேப்பை எடுக்கும் முன் அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "யாரு யாரப் பாக்க வர்றாங்க?" பதிலை வாங்கிக்கொண்டுதான் நிழல் எங்கே விழலாம் என்று முடிவு செய்கிறேன். இன்றும் என் க்யூ பட்டியலில் இருட்டு நிறைய இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் எல்லா நிகழ்ச்சிக்கும் கடைசியாக, பிள்ளைகள் வரிசையாக வந்து வணங்கும்போது, ஒரு க்யூ சேர்த்துவிடுகிறேன். எல்லா லைட்டும், முழு வெள்ளை, ஒரு நிமிடம். டிசைன் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு நிமிடம் நான் மேடையைப் பார்ப்பதில்லை. திரும்பி நின்று கூட்டத்தைப் பார்க்கிறேன்.